வெள்ளி இல்லாத மெடல்

எங்கள் பூட்டன் குதிரைப்படை வீரர் என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தோம். முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனவர். வட ஆற்காட்டில் எங்கள் சேரிக்கு வந்து 'பசரா தாத்தா வீடு' என்று கேட்டால் இன்றும் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அரை ஏக்கர் நிலம்கூட இல்லாத குடும்பத்துக்குக் குதிரை எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. மற்றவர்கள் பெருமை பேசும் இடத்தில் நாமும் பேச ஒன்று இருக்கிறதே என்பதே போதுமானதாக இருந்தது.

ஜனவரி 1 கோரேகான் நினைவு நாளுக்காக ஃப்ளெக்ஸ் அடிக்கும் பேச்சு வந்தபோதுதான் இந்தக் கதை அவிழத் தொடங்கியது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகார் சிப்பாய்கள் இருந்தார்கள் என்பதும், அங்குள்ள கல்தூணில் பொறித்த பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிவதால் அவர்கள் மகார்கள் என்று அடையாளம் காண முடிகிறது என்பதும், 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அங்கே போய் நின்றார் என்பதும் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்ட கேள்விதான் புதிது. மகாராஷ்டிரத்துக்காரருக்குத் தூண் இருக்கிறது, நம் சேரியிலிருந்து போனவருக்கு என்ன இருக்கிறது? பசரா தாத்தாவை ஃப்ளெக்ஸில் போடுவோம் என்றார்கள். போட்டோ இல்லை. குதிரை மேல் வாளோடு இருக்கும் ஒரு படத்தை இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு முன் அவருடைய மெடலைப் பார்த்துவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தோம்.

துணியில் முடிந்து வைத்திருந்த மெடல். ரிப்பன் இல்லை. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் உடையில்லாத ஒருவன் குதிரை மேல் இருக்கிறான், குதிரையின் காலடியில் ஒரு கேடயமும் மண்டையோடும், ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள். எங்கள் வீட்டுக் குதிரை அங்கேதான் இருந்தது! அது பிரிட்டிஷ் வார் மெடல். போரில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அந்தக் குதிரைக்காரன் அவர்களுடைய செயிண்ட் ஜார்ஜ். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வீட்டில் மெடலில் இருந்த படத்தைப் பார்த்து, போனவர் குதிரையில்தான் போயிருப்பார் என்று யாரோ சொல்லி, அதுவே வரலாறாகிவிட்டது.

இந்த மெடல்களில் நாம் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, விளிம்பை. நாணயத்தின் ஓரம் போல இருக்கும் அந்தக் கனத்தில்தான் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் அழுத்தி எழுதியிருப்பார்கள். தேய்ந்துபோயிருந்தது. மெல்லிய காகிதத்தைச் சுற்றி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்தோம். ஓர் எண் வந்தது. எங்கள் பூட்டனின் பெயர், வெள்ளைக்காரக் காதில் விழுந்தபடி எழுத்துச் சிதைந்து வந்தது. கடைசியில் ஒரு லேபர் கோர். பெயருக்கு முன்னால், சிப்பாய் என்றோ சவார் என்றோ இருக்க வேண்டிய இடத்தில், 'கூலி' என்று இருந்தது.

அது நம் மொழிச் சொல்தான். செய்த வேலைக்குக் கையில் வாங்குவது கூலி. அதை எடுத்து ஆளுக்கே பெயராக்கி, உலோகத்திலும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. மெடல் வெள்ளி நிறமாக இல்லை. கறுத்த வெள்ளியாக இருக்கும் என்று நினைத்துத் துடைத்தால் செம்பழுப்பு. வெண்கலம். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மெடல் ஏறத்தாழ 65 லட்சம் கொடுக்கப்பட்டது. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளியில். சுமார் 1,10,000 மட்டும் வெண்கலத்தில். வெண்கலம் யாருக்கு என்றால் சீன, மால்டா, இந்திய உழைப்புப் படைகளில் இருந்தவர்களுக்கு. அதே மன்னர், அதே குதிரை, அதே போர். உலோகம் மட்டும் வேறு. சாதியை அளப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு நிகரில்லை என்று நினைத்திருந்தோம்.

மெடலை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போனோம். பூட்டனை நேரில் பார்த்தவர்களில் இன்று இருப்பது அவர் ஒருவர்தான், அவருக்கு மாமனார். வெள்ளி இல்லை ஆயா என்றோம். ஆயாவுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. "தெரியுமே. உங்க தாத்தா அடகுக்கடைக்கு எடுத்துனு போனாரு. கடக்காரன் கல்லுல உரசிப் பாத்துட்டு இது வெள்ளி இல்லன்னு மூஞ்சில வுட்டெறிஞ்சான். அப்பறம்தான் பொட்டில போட்டு வெச்சிட்டம்" என்றார். பக்கத்துத் தெருவில் பட்டாளத்துக்குப் போன இன்னொரு வீட்டில் மெய்யான வெள்ளி மெடல் இருந்ததாம். அது ஒரு பெண்ணுக்குக் கால் கொலுசாகிப் போனது. அந்த வீட்டில் இன்று காட்ட ஒன்றுமில்லை. எங்கள் மெடல் மிஞ்சியதற்கு ஒரே காரணம், அதற்கு விலை இல்லை என்பது.

அன்றிரவே பிள்ளைகளுக்குள் பேச்சு மாறிவிட்டது. ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்றார்கள் சிலர். ஊர்த்தெருக்காரன் சிரிப்பான் என்றார்கள். இந்தத் தயக்கத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமும் போர்க்குடிதான், நமக்கும் வாள் இருந்தது என்று சொல்லித்தான் ஒரு தலைமுறை நிமிர்ந்தது. அது பொய்யும் அல்ல. பழைய சென்னைப் படையில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பெங்களூரில் தலைமையிடம் கொண்ட சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில், அதாவது பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுரங்கம் வைப்பது ஆகியவற்றைப் போர்முனையிலேயே செய்த படையில், நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பயனியர் படைகளிலும் அப்படியே. பிறகு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் காலத்தில், போர்க்குணம் வடமேற்குக்காரனின் ரத்தத்தில்தான் இருக்கிறது என்ற கொள்கை கோலோச்சியது. சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. அதே காலத்தில், 1890களின் தொடக்கத்தில், மகார்களைச் சேர்ப்பதும் நின்றது. பாபாசாகேப்பின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்து, படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். அந்தக் கதவு மூடியபோது நம் மக்களுக்குப் பள்ளிக்கூடமும் சேர்ந்தே மூடியது.

1914இல் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது. அதுவும் உடனே அல்ல. அந்த ஆண்டு நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி சிதறி ஓடியதை வைத்து, பார்த்தீர்களா, மதராஸிக்குச் சண்டை வராது என்றார்கள். வருடக்கணக்கில் புறக்கணித்துவிட்டு, பழகாத நிலத்தில், கடற்பயணம் முடித்த கையோடு இறக்கிவிட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை. 1917இல் ஆள் பற்றாக்குறை முற்றியபோது 111ஆவது மகார் படையை எழுப்பினார்கள், 1921இல் கலைத்தார்கள். சென்னை ரெஜிமென்டின் கடைசிப் பட்டாலியன் 1928இலும் சென்னைப் பயனியர்கள் 1933இலும் போனார்கள். அடுத்த உலகப் போர் வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். 1943இல் சமார் ரெஜிமென்ட் என்றே ஒன்று எழுந்தது. பர்மாவில் ஜப்பானியரோடு சண்டையிட்டது. 1946இல் அதுவும் கலைக்கப்பட்டது. வேலை இருக்கும்போது கூப்பிட்டு முடிந்ததும் கொல்லைப்புறமாக அனுப்பும் பழக்கம் நமக்கு வேறு எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது.

ஆனால் இதுவரை சொன்னது சிப்பாய்களின் கதை. எங்கள் பூட்டன் அதில் இல்லை. அவரைத் தேட வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

அந்தப் போருக்கு இந்தியாவில் சேர்க்கப்பட்ட ஆட்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் 5,63,000 பேர் போரிடாதவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் போரிடாதவர்களாக எடுக்கப்பட்டவர்கள் 41,000 பேர். இவர்களை ராணுவம் 'ஃபாலோயர்' என்றது, படைக்குப் பின்னால் வருகிறவர் என்று பொருள். ஃபாலோயரிலும் மேல், கீழ் உண்டு. கோவேறு கழுதை ஓட்டுபவரும் காயம்பட்டவரைத் தூக்குபவரும் மேல். சமைப்பவர், தண்ணீர் சுமப்பவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், மலம் அள்ளுபவர் கீழ். ஊரில் யார் எந்த வேலை செய்தார்களோ அதே வேலைக்கு அதே சாதியில் ஆள் பிடித்தார்கள். மெசபடோமியாவுக்குத் துப்புரவுக்கு ஆள் கிடைக்காதபோது சிறைகளிலிருந்து கைதிகளைக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் ராதிகா சிங்கா 2020இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நூலின் பெயரே கூலியின் பெரும்போர் என்று பொருள்படும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

பஸ்ராவில் அவர் என்ன செய்தார்? ஆயாவிடம் கிடைத்தது கொஞ்சம்தான். கப்பலிலிருந்து மூட்டை இறக்கியது. சேறு. வெயிலில் சுருண்டு விழுந்தவர்களை இழுத்துப் போட்டது. பேரீச்சை மரங்கள். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு போர் வரலாற்றைப் படித்தபோது நாங்கள் எதிர்பாராத ஓர் இடத்தில் அவர் நின்றார்.

மெசபடோமியாப் போரில் பிரிட்டன் பட்ட பெரிய அவமானம் கூட் முற்றுகை. 1915 டிசம்பரில் சூழப்பட்ட படை 1916 ஏப்ரல் 29 அன்று பட்டினியில் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் பிடிபட்டார்கள். காப்பாற்றப் போன படைகளால் போய்ச் சேர முடியவில்லை. காரணங்களை ஆராய்ந்த மெசபடோமியா கமிஷன் 1917இல் வெளியிட்ட அறிக்கை விரலை நீட்டிய இடங்களில் முக்கியமானது போக்குவரத்து. பஸ்ராவில் கப்பல் அணையத் துறைமேடை இல்லை. சரக்கோடு வந்த கப்பல்கள் இறக்க ஆளும் இடமும் இல்லாமல் ஆற்றில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. முன்னால் இருந்த சிப்பாய்க்குச் சோறும் மருந்தும் போகவில்லை. அதன் பிறகுதான் ஆயிரமாயிரமாக உழைப்பாளிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். துறைமேடைகளும் சேற்றின் மேல் சாலையும் ரயில் பாதையும் வந்தன. படகுகள் நிறையத் தொடங்கின. 1917 பிப்ரவரி 23 அன்று ஷம்ரானில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்தபோது சென்னை சாப்பர்கள் அங்கே இருந்தார்கள், அதை அவர்களுடைய ரெஜிமென்ட் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. தளபதி மாடின் பெயர் வரலாற்றில் நின்றது. கூட்டுக்கும் பாக்தாத்துக்கும் நடுவில் மாறியது என்ன என்று கேட்டால், பதிலில் பெரும் பங்கு மூட்டை இறக்கியவனுக்கு உண்டு. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அவர்களுடைய கமிஷன் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

தேடலில் நாங்கள் முட்டிக்கொண்ட சுவர்களையும் சொல்லிவிடுகிறோம், மற்ற குடும்பங்களுக்கு உதவும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பல இந்தியர்களுக்குத் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் வரை இருக்கும். ஆனால் முனுசாமி என்று தேடினால் கிடைக்காது, முனிசுவாமி, மூனிசாமி, மூன்சாமி என்று அவர்கள் எழுதக்கூடிய விதமெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும். கிராமத்தின் பெயரும் அப்படியே. உயிரோடு திரும்பியவர் என்றால் அந்தத் தளத்தில் இருக்க மாட்டார். சாப்பராக இருந்திருந்தால் பெங்களூரில் அந்தப் படையின் ஆவண அலுவலகம் இருக்கிறது, ஆனால் எண் இல்லாமல் எழுதிப் பயனில்லை. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் மெசபடோமியாவின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அதில் படைப்பிரிவு எங்கே இருந்தது, எந்த நாளில் எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தார்கள் என்பது கிடைக்கும். ஆள் பெயர் என்றால் பெரும்பாலும் அதிகாரிகளுடையதுதான். பஞ்சாபுக்கு லாகூர் அருங்காட்சியகத்தில் கிராமவாரியாகப் பதிவேடுகள் இருந்தன. 3,20,000 பேரின் விவரங்கள் கொண்ட அவை 2021 முதல் இணையத்துக்கு வரத் தொடங்கின. அங்குள்ள பேரப்பிள்ளைகள் கிராமத்தின் பெயரைத் தட்டித் தாத்தாவைப் பார்க்கிறார்கள். பொறாமையாகத்தான் இருந்தது.

நாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கு வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைப் பாருங்கள். காய்கறி வாங்கப் போகும்போது நூறு தடவை அதைக் கடந்திருக்கிறோம். அதில் ஒரு கல் இருக்கிறது. 1914-19 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. ஒரு பெயரும் இல்லை. பஸ்ராவில் 1929இல் திறந்த நினைவுச் சின்னம் இன்னும் மோசம். கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. வெள்ளைச் சிப்பாய் என்றால் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மற்ற இந்தியர்கள், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்ற வெறும் எண்ணிக்கை. இதே ஆணையம் பிரான்ஸில் நூவ் ஷாப்பேலில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறது. ஐரோப்பியர் பார்க்கும் இடத்தில் பெயர், மற்ற இடத்தில் தொகை. 2021இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. அந்தப் பெயரில்லாதவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். எங்கள் பூட்டனின் தொழில்காரர்கள் அதில் நிறைய.

ஒன்றைப் பற்றி எங்களுக்குள் குழப்பமில்லை. அது பேரரசின் போர். எண்ணெய்க்கும் வழித்தடத்துக்கும் நடந்த போர். அங்கே இருந்த அரபுக் குடியானவனுக்கு எங்கள் பூட்டன் விருந்தாளியாகப் போகவில்லை. அதில் பங்கெடுத்ததைக் கொண்டாட வேண்டும் என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் ஏன் போனார் என்பதை ஊரை விட்டுவிட்டுப் பேச முடியாது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்தச் சேரியில் அதற்கு முன் யார் கண்டது?

திரும்பி வந்தபோது ஒரு கம்பளியும் ஒரு ஜோடி பூட்ஸும் கொண்டுவந்தாராம். கம்பளி எங்கள் தாத்தா காலம்வரை இருந்தது. பூட்ஸைப் பற்றி ஆயா சொன்னது இது. காட்பாடிக்கு ரயிலேறப் போகும் நாளில் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொள்வார். ஊர்த்தெருவைத் தாண்டி ஏரிக்கரை வரும்வரை வெறுங்காலோடு நடப்பார். கரையில் உட்கார்ந்து துண்டால் காலைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுவார். பஸ்ராவின் சேற்றில் வருடக்கணக்கில் காலில் கிடந்த பூட்ஸ் அது.

ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறோம். பேச்சு மூன்று நாள் ஓடியது. 'போர் வீரர்' என்று பொதுவாகப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு யோசனை வந்தது. கடைசியில் முடித்து வைத்தது ஆயாதான். "மூட்ட தூக்கனா இன்னா? குண்டு ஆளப் பாத்தா வுழுது?" என்றார். குதிரைப் படத்தை எடுத்துவிட்டோம். மெடலின் விளிம்பைப் பென்சிலில் தேய்த்தெடுத்த காகிதத்தையே படம் பிடித்துப் பெரிதாக்கிப் போட்டோம். கீழே அவர் பெயர், எண், லேபர் கோர், பஸ்ரா. பதவி என்ற இடத்தில் கூலி என்றே போடச் சொன்னோம். அச்சடிக்கும் தம்பி ஒருமுறைக்கு இரண்டுமுறை போன் செய்து, எழுத்துப்பிழை இல்லையே அண்ணா என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்.

ஃப்ளெக்ஸைப் பார்க்க வந்த ஆயா இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை என்கிறார். பசராவுக்குச் சேரியிலிருந்து போனது ஒருவர் அல்ல, இரண்டு பேராம். மற்றவர் திரும்பவில்லை. அவருடைய அண்ணன் குடும்பம் பிழைப்புக்கு கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. போனவரின் பெயர் ஆயாவுக்குத் தெரியும், தகப்பன் பெயர் தெரியவில்லை. தகப்பன் பெயர் இல்லாமல் ஆணையத்தின் பட்டியலில் அந்தப் பெயருக்கு எங்கள் மாவட்டத்திலேயே பலர் வருகிறார்கள். அண்ணன் வழிப் பேரன் ஒருவர் சுரங்கம் மூடிய பிறகும் தங்கவயலில்தான் இருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பம் ரயிலில் போகிறோம்.